ஏசி நின்றது யாருக்குத் தெரியும்?

திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடை. கத்திரி வெயில் நடுவே, முகூர்த்த நாளுக்கு முந்தின நாள். காலை பத்து மணிக்குக் கடை நிறையக் கூட்டம், ஆனால் பில் கவுன்டர்கள் நகரவில்லை. ஒரு சேலைக்கு பில் வெளியே வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. மென்பொருள் போட்டுத் தந்தவரைக் கூப்பிட்டார்கள். டேட்டாபேஸ் பெருத்துவிட்டது என்றார். நெட்வொர்க் பார்ப்பவர் வந்தார்; நெட்வொர்க் சுவிட்சை அணைத்துப் போட்டுவிட்டுப் போனார். மூன்றாவதாகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

சர்வர் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தது. கதவைத் திறந்ததும் செங்கல் சூளை வாயில் நின்றதுபோல வெக்கை முகத்தில் அடித்தது. சர்வரின் விசிறிகள் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. சுவரில் இருந்த ஏசி மட்டும் சத்தமில்லாமல் இருந்தது.

"ராத்திரி கரண்டு போச்சா அண்ணாச்சி?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"ரெண்டு மணிக்குப் போய்ட்டு சார். பத்து நிமிசத்துல வந்துட்டு. மிஷின் நிக்கலையே, அதான் யூபிஎஸ் இருக்குல்லா?"

நடந்தது முழுவதும் அந்த பதிலில் இருந்தது. கரண்டு போனதும் சர்வரை யூபிஎஸ் தாங்கிக்கொண்டது. ஏசியை யாரும் யூபிஎஸ்ஸில் மாட்டுவதில்லை, அது நின்றது. கரண்டு திரும்பி வந்தபோது அந்த ஏசி தானாக எழுந்துகொள்ளவில்லை. ரிமோட்டை அமுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் காலை ஒன்பதரைக்குத்தான் கடைக்கு வருவார், அவருக்கும் மேல் மாடிக்குப் போக வேலை இல்லை. ஆக, எட்டு மணி நேரம் பூட்டிய அறைக்குள் சர்வர் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருந்தது. கரண்டு போனதிலிருந்து சர்வரைக் காப்பாற்றிய யூபிஎஸ்தான் அதை வெக்கைக்குள் ஓட வைத்தது என்றும் சொல்லலாம்.

அப்படியானால் சர்வர் ஏன் நின்றுபோகவில்லை, ஏன் மெதுவாக மட்டும் ஆனது?

கணினியின் மூளையான செயலி, அதாவது பிராசசர், இன்றைக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பெரும்பாலான இன்டெல் செயலிகளுக்குச் சூட்டின் எல்லை 100 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இருக்கும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். எல்லையைத் தொட்டதும் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் இழுக்கும் மின்சாரம் குறையும், சூடும் குறையும். அதற்கும் அடங்காமல் ஏறினால், மென்பொருளைக் கேட்காமலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சர்வர் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு ஓட முடியும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. கடைக்காரருக்குத் தெரிவதெல்லாம் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்பதுதான். திடீரென்று எல்லாமே மந்தமாகிவிட்டது, யாரும் எதையும் மாற்றவில்லை என்று சொன்னால், டேட்டாபேஸைத் திறக்கும் முன்னால் நான் சர்வர் அறைக் கதவைத் திறப்பேன்.

அந்த எல்லை அளக்கப்படும் முறையும் கொஞ்சம் வேடிக்கையானது. இன்டெல் செயலிக்குள் இருக்கும் டிஜிட்டல் சென்சார் இத்தனை டிகிரி என்று நேராகச் சொல்வதில்லை. எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. மென்பொருள் அதை எல்லையிலிருந்து கழித்து நமக்குக் காட்டுகிறது. எல்லைக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவரும். குளிர்ந்த பக்கம் போகப் போக நம்பிக்கை குறையும். சும்மா இருக்கும் செயலி 31 டிகிரியா 35 டிகிரியா என்று தலையை உடைத்துக்கொள்வது வீண்.

பலர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. சர்வர் சூட்டைக் கண்காணிக்க வேண்டும் என்றதும் செயலியின் சூட்டைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அறை கெட்டுப்போகும்போது கடைசியாகச் சேதி சொல்வது செயலிதான். காரணம், விசிறி. அறை 24 டிகிரியிலிருந்து 34க்கு ஏறும்போது விசிறிகள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். செயலி ஏறக்குறைய அதே சூட்டில் நிற்கும். கிராஃபில் கோடு ஆடாமல் அசையாமல் போவதைப் பார்த்து நாம் நிம்மதியாகத் தூங்குவோம். விசிறி முழு வேகத்தைத் தொட்டு, அதற்குமேல் சுற்ற முடியாமல் போன பிறகுதான் செயலியின் கோடு நிமிரும். அப்போது மிச்சமிருக்கும் நேரம் கொஞ்சம்தான். விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும் என்பது பொறியியலில் பழைய கணக்கு. அதனால் வெக்கை ஏறிய அறையில் சர்வரின் மின்சாரச் செலவும் கூடும். அந்த மின்சாரமும் அதே அறைக்குள் சூடாகத்தான் இறங்கும்.

எனவே பார்க்க வேண்டிய முதல் எண், சர்வரின் முன்பக்கம் காற்று நுழையும் இடத்தின் சூடு. இரண்டாவது, விசிறியின் சுழற்சி வேகம். செயலிக்கு மூன்றாவது இடம்தான் கொடுப்பேன்.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன? ஓரளவு நல்ல சர்வர்களின் பலகையில் பிஎம்சி என்ற குட்டிக் கணினி ஒன்று தனியாக இருக்கும். மின்சாரம் மாட்டியிருந்தால் போதும், சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். அதனோடு பேசும் பொதுமொழிதான் ஐபிஎம்ஐ. இன்டெல், எச்பி, டெல், என்இசி ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து 1998இல் வெளியிட்டவை அதன் விதிகள். ஒவ்வொரு சென்சாருக்கும் அதில் மூன்று படிகள் வைக்கலாம்: கவனிக்க வேண்டியது, ஆபத்து, மீள முடியாதது. எந்தப் படியை எப்போது தாண்டியது என்பது பிஎம்சியின் பதிவேட்டில் நேரத்தோடு நிற்கும். அன்றைக்கு அந்த ஜவுளிக்கடையில் நான் முதலில் திறந்தது அதைத்தான். காற்று நுழையும் இடத்தில் முதல் எச்சரிக்கை அதிகாலை இரண்டரைக்கே விழுந்திருந்தது. அதற்குப் பிறகு வரிசையாக எத்தனையோ. வாங்கிய நாளிலிருந்து அந்தப் பதிவேட்டை யாரும் திறந்ததே இல்லை, அதன் கடவுச்சொல்லைக்கூட மாற்றவில்லை. அது இன்னொரு கட்டுரைக்கான வயிற்றெரிச்சல்.

பிஎம்சி இல்லாத சாதாரணக் கணினியையே சர்வராக வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. பள்ளிக்கூடம், ரைஸ் மில், பீடிக் கம்பெனி எங்கு போனாலும் ஒன்றைப் பார்க்கலாம். அதில் ஓடும் இயங்குதளம் லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ் என்ற கருவி போதும். எல்எம்75, எல்எம்78 என்ற பழைய சென்சார் சில்லுகளின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. உள்ளே லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் சூட்டை ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதி வைக்கும். 45000 என்று கண்டால் பயப்பட வேண்டாம், 45 டிகிரிதான். மதர்போர்டில் சில சென்சார் கால்கள் எதனோடும் இணைக்கப்படாமல் தொங்கும். அவை 127 டிகிரி என்றோ, பூஜ்யத்துக்குக் கீழே ஏதோ ஒன்றாகவோ உளறும். பாளையங்கோட்டையில் மைனஸ் காட்டும் சென்சாரை என்ன செய்வது? பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதுதான் வழி. வன்தட்டுகள் தம் சூட்டைத் தாமே சொல்லும். தட்டு தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 194ஆம் எண்ணில் அது இருக்கும்.

சரி, ஏசி நின்றால் ஒரு அறை எவ்வளவு வேகமாகச் சூடாகும்? சர்வர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்றின் எடை சுமார் 34 கிலோ. அதை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 34 கிலோஜூல் வேண்டும். சர்வர், சுவிட்ச், கேமரா பெட்டி, யூபிஎஸ் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாட் என்றால், 34 நொடிக்கு ஒரு டிகிரி. காற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆறு நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். நிஜத்தில் சுவரும் தரையும் இரும்பு ரேக்கும் சூட்டை வாங்கிக்கொள்வதால் இவ்வளவு வேகம் இருக்காது. முதலில் விறுவிறுவென்று ஏறி அப்புறம் தளரும். ஆனால் மே மாதத்து மொட்டை மாடி அறையில் கூரை சூட்டை வாங்கும் நிலையில் இல்லை, கொடுக்கும் நிலையில் இருக்கிறது. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் நள்ளிரவுவரை உள்பக்கம் கக்கிக்கொண்டிருக்கும். மேல் மாடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏசியின் கணக்கிலும் ஒரு பொடி எழுத்து உண்டு. ஒரு டன் என்றால் மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியேற்றும் என்கிறார்கள். அது வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்த எண். கத்திரியில் 40ஐத் தாண்டும் நாளில், மேற்குச் சுவரில் வெயில் பார்த்து மாட்டிய வெளிப்பெட்டி அந்த வேலையைச் செய்யாது. மிக அதிகமாகத் தேவைப்படும் மதியத்தில்தான் மிகக் குறைவாகக் குளிர்விக்கும். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதல்முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டி 40.3ஐத் தொட்டபோது, லண்டனில் கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களின் தரவு மையங்களிலேயே குளிரூட்டல் படுத்துவிட்டது. நமக்கு 40 ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. அவர்கள் ஊரின் உச்சத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள், உச்சம் நகர்ந்துவிட்டது. நாம் ஊரின் உச்சத்தைக் கணக்கில் வைத்தாவது கட்டுகிறோமா என்றால், வெளிப்பெட்டியைப் பால்கனிக் கம்பிக்குள் அடைத்து, அது விட்ட அனலையே அது திரும்ப இழுக்கும்படி மாட்டுகிறோம்.

திருநெல்வேலிச் சீமைக்கு வெயில் காலம் இரண்டு என்பதையும் வெளியூர் ஆட்கள் தவற விடுவார்கள். கத்திரி முடிந்தால் ஆறுதல் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும். அங்கிருந்து கிழக்கே 60 கிலோமீட்டர்கூட இல்லாத பாளையங்கோட்டையில் காற்று காய்ந்து வறண்டு அடிக்கும். மேற்கு மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் வரும் காற்று இறங்க இறங்கச் சூடாகிறது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றும் மாதங்கள் இவை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் பறக்கும். அந்தச் செம்மண் தூள் வடிகட்டியிலும் செயலி மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கிலும் படியும். உவரி, கூடுதாழை போன்ற கடலோர ஊர்களில் அதோடு உப்பும் சேரும்.

தூசியின் வேலை ஏசி நிற்பதுபோல் ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. வாரத்துக்கு அரை டிகிரி, மாதத்துக்கு இரண்டு டிகிரி என்று ஏறும். எந்த எச்சரிக்கைப் படியையும் தாண்டாது. இதைப் பிடிக்க நான் கைக்கொள்ளும் வழி, அதிகாலை நான்கு மணி எண். அந்த நேரத்தில் யாரும் பில் போடுவதில்லை, பேக்கப் முடிந்திருக்கும், தினமும் வேலைப்பளு ஏறக்குறைய ஒன்றே. அப்போது செயலியின் சூட்டிலிருந்து காற்று நுழையும் இடத்தின் சூட்டைக் கழித்து ஒரு எண்ணாகக் குறித்து வைப்பேன். வெயில் காலமா மழைக் காலமா என்பது கழித்தலில் அடிபட்டுப்போகும். ஜனவரியில் 19 என்றிருந்த அந்த வித்தியாசம் ஆகஸ்டில் 27 ஆகியிருந்தால் கோளாறு அறையில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. தூசி, செயலிக்கும் தகட்டுக்கும் நடுவே தடவிக் காய்ந்துபோன பேஸ்ட், தேய்ந்துபோன விசிறி இவற்றில் ஏதோ ஒன்று. மாறாக, செயலியின் சூடும் நுழையும் காற்றின் சூடும் கைகோத்து ஏறினால் பெட்டியைப் பிரிக்காதீர்கள், ஏசியைப் போய்ப் பாருங்கள். வேலைப்பளு மாறாமல், காற்று நுழையும் முன்பக்கத்துக்கும் அது சூடாக வெளியேறும் பின்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கூடினால் காற்றோட்டம் எங்கோ அடைபட்டிருக்கிறது. கழித்தல் தெரிந்தால் போதும், பாதி நோய் பிடிபடும்.

எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்? அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, 2004இல் 20 முதல் 25 டிகிரி என்று பரிந்துரைத்தது. 2008இல் அதைத் தளர்த்தி 18 முதல் 27 ஆக்கியது. இது சர்வருக்குள் நுழையும் காற்றின் சூடு. சுவரில் தொங்கும் ஏசி காட்டும் எண் இல்லை. ஆகவே 16இல் வைத்து அறையை உறைய வைப்பது வெறும் மின்கட்டணம். கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, மிதமான சூட்டுக்கும் தட்டுகள் பழுதாவதற்கும் எல்லோரும் நம்பிய அளவுக்கு உறவு இல்லை என்று தெரிந்தது. குளிர்ந்த தட்டுகளே கூடுதலாகப் பழுதாகியிருந்தன. மிக உயர்ந்த சூட்டில்தான் கதை மாறியது. குளிர வைத்திருந்தால் ஏசி நின்றாலும் கொஞ்ச நேரம் கிடைக்குமே என்று வாதாடுபவர்கள் உண்டு. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்காக வருடம் முழுக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. வெக்கையால் உண்மையில் சீக்கிரம் சாவது யூபிஎஸ் பேட்டரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. சர்வரும் பேட்டரியும் ஒரே அறையில் இருந்தால் பேட்டரிக்காகவாவது 25ஐ ஒட்டி வையுங்கள்.

ஏசி பழுதானதும் சிலர் ஏர் கூலரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காருக்குறிச்சிப் பானையில் தண்ணீர் குளிர்வதும் ஏர் கூலரும் ஒரே வித்தைதான். வறண்ட மேல்காற்றில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பூட்டிய அறைக்குள் அது ஈரத்தை ஏற்றிக்கொண்டே போகும், சற்று நேரத்தில் குளிர்ச்சியும் நின்றுவிடும். அதைவிடக் கதவைத் திறந்து, ஒரு பெடஸ்டல் ஃபேனை வெளியே பார்த்து ஊதும்படி வைப்பது மேல். ஃபேன் நம்மைக் குளிர்விப்பது வியர்வையால். சர்வருக்கு வியர்க்காது, எனவே சர்வரைப் பார்த்து ஃபேன் போடுவதில் பெரிய பலன் இல்லை. உள்ளே 46, வெளியே 38 என்றால் அந்த 38கூட அப்போதைக்கு வரம்தான்.

இனி, சேதி சொல்வது. ஒரு இடத்தில் எச்சரிக்கை மெயில் எல்லாம் முறையாகவே அமைத்திருந்தார்கள். மெயில் சர்வர் ஓடியது எந்தப் பெட்டியில்? சூடாகி நின்ற அதே பெட்டியில். எச்சரிக்கை அறையை விட்டு வெளியேறும் பாதை முழுவதும், சுவிட்ச், ரவுட்டர் உட்பட, யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். சர்வரை நம்பாத தனி சென்சார் ஒன்றும் வேண்டும். சில நூறு ரூபாயில் வைஃபை உள்ள குட்டி மின்னணுப் பலகையும் டிஎஸ்18பி20 என்ற சூடு அளக்கும் சென்சாரும் கிடைக்கின்றன. அந்த சென்சாரில் ஒரு குறும்பு உண்டு: மின்சாரம் வந்ததும், அளந்து முடிக்கும் முன்னால் கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும். தெரியாமல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நள்ளிரவில் ஓடியிருக்கிறேன். 85 வந்தால் இன்னொரு முறை அளக்கச் சொல்ல வேண்டும். அதேபோல, ஒரே எண்ணை மணிக்கணக்கில் அசையாமல் சொல்லும் சென்சாரையும், எதுவுமே சொல்லாத சென்சாரையும் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேதி வராததற்கே ஒரு மணி அடிக்க வேண்டும்.

நான் வைக்கும் படிகள் இவை: 28இல் ஒரு குறுஞ்செய்தி, 32இல் போன் மணி, 38இல் சர்வர் தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும். பத்து நிமிடத்துக்குள் நான்கு டிகிரி ஏறினால், எண் 25ஆக இருந்தாலும் போன் அடிக்கும். ஏசி நின்றதை முதலில் காட்டிக்கொடுப்பது இந்தக் கடைசி விதிதான். இறங்கும்போது 28ஐத் தொட்டதும் மணியை நிறுத்தாமல் 26வரை காத்திருக்கச் சொன்னால், எல்லையில் ஏறி இறங்கி ராத்திரி முழுக்கத் தொல்லை பண்ணாது.

அந்த ஜவுளிக்கடையில் இப்போது கரண்டு வந்ததும் தானாக ஓடும் ஏசி இரண்டு, ஒன்று மாற்றி ஒன்று. கதவுக்கு வெளியே முகம் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர், அதில் 30க்கு மேல் சிவப்பு டேப். எல்லாவற்றையும்விட உருப்படியானது அந்த டேப்தான். வாட்ச்மேன் அண்ணாச்சி ரோந்து போகும்போது பார்த்துவிட்டுப் போகிறார்.

போன ஆடியில் ஒரு மதியம் போன் அடித்தது. முன்பக்கம் 25, அசையவில்லை. பின்பக்கம் 14 டிகிரி கூடியிருந்தது, விசிறி முழு வேகத்தில். ஏசி இல்லை, தூசியும் இல்லை என்று வண்டியில் போகும்போதே தெரிந்துவிட்டது. கதவைத் திறந்தால் ரேக்கின் பின்பக்கம் கூரைவரை ஆடித் தள்ளுபடிச் சேலைப் பெட்டிகள். பையன்கள் இருவர் சேர்ந்து அவற்றை வெளியே எடுத்து வைக்க, கால் மணி நேரத்தில் எண் பழைய இடத்துக்கு வந்தது. முதலாளி படியேறி வந்து வாசலில் நின்று, வராந்தாவை அடைத்துக்கொண்டு கிடந்த பெட்டிகளைப் பார்த்தார்.

"அது சரி தம்பி. ஆடி முடியுத வரைக்கும் இதையெல்லாம் நான் எங்கதான் வைக்க?"